நிழலுக்குக் கொடுத்த விலை

சிறுநீரகத்தில் என்ன கோளாறு என்று அறிவதற்காக உடலுக்குள் செலுத்தப்பட்ட ஒரு பொருள், நோயாளியே அதை மறந்துவிட்ட பிறகு, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அவர் உடலில் கட்டியாக வளர்ந்தது என்றால் நம்புவீர்களா? கதையன்று, நடந்த செய்தி. அப்பொருளின் பெயர் தோரோட்ராஸ்ட். 1930 முதல் 1950 வரையிலான காலத்தில் உலகின் பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்களுக்கு அது செலுத்தப்பட்டது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில் சொல்லுகின்றனர். "அந்தக் காலத்து மருத்துவர்களுக்குக் கதிரியக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்பது ஒன்று. "மருந்து என்றாலே நஞ்சுதான், சோதனை என்றாலே ஆபத்துதான்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே என் கருத்து. எந்த வாதம் எங்கே பிழைத்தது என்று பார்த்தால்தான் இந்த வரலாற்றிலிருந்து நாம் எதையேனும் கற்க முடியும். அதையே இங்கு ஆராய்வோம்.

நிழல் எதற்கு?

எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெளிவாகத் தெரிகிறது. சிறுநீரகமோ, இரத்தக் குழாயோ அவ்வாறு தெரிவதில்லை. காரணம் எளியது. எலும்பில் உள்ள கால்சியத்தின் அணுவெண் 20. தசையிலும் இரத்தத்திலும் மிகுதியாக உள்ளவை ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய லேசான தனிமங்கள். அணுவெண் உயர உயர எக்ஸ் கதிரை மறிக்கும் ஆற்றல் பொதுவாக விரைந்து கூடுகிறது. ஆகவே, உறுப்பினுள் கனமான அணுக்களை நிரப்பிவிட்டுப் படம் எடுத்தால், அந்த உறுப்பின் வடிவம் நிழலாக விழும். இத்தகைய பொருளைத்தான் இன்று நம் மருத்துவமனைகளில் "டை" என்கிறார்கள்.

இதற்கு உரிய கன அணு எது? அயோடின் (அணுவெண் 53) ஒன்று. 1929-இல் பெர்லினில் மோசஸ் ஸ்விக், அலெக்சாண்டர் ஃபான் லிக்டன்பர்க் ஆகியோர் யூரோசெலக்டன் என்ற அயோடின் சேர்மத்தை நரம்பில் ஊசியாகச் செலுத்தினர். சிறுநீரகம் அதை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து வெளியேற்றும்போது படம் எடுத்தனர். வடிவம் மட்டுமன்று, சிறுநீரகம் வேலை செய்கிறதா இல்லையா என்பதும் அதில் தெரிந்தது. வேலை செய்யாத சிறுநீரகம் நிழலைத் தராது அல்லவா? வேலை முடிந்ததும் அப்பொருள் சிறுநீரோடு போய்விடும். இந்தக் கடைசிப் பண்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று தோரியம். அதன் அணுவெண் 90. ஜெர்மனியின் ஹைடன் நிறுவனம் தோரியம் டையாக்சைடை நுண்ணிய துகள்களாக்கி, டெக்ஸ்ட்ரின் சேர்த்த கூழ்மமாகத் தயாரித்து, தோரோட்ராஸ்ட் என்ற பெயரில் விற்றது. படம் மிகத் தெளிவாக இருந்தது. ஊசி போடும்போது வலி இல்லை. வாந்தி, மயக்கம் இல்லை. மூளையின் இரத்தக் குழாய்களை முதன்முதலில் 1927-இல் படம்பிடித்துக் காட்டிய போர்ச்சுகீசிய மருத்துவர் ஏகாஸ் மோனிஸ் தொடக்கத்தில் சோடியம் அயோடைடைப் பயன்படுத்தினார். அது நோயாளிகளைத் துன்புறுத்தியது. பின்னர் அவரும் தோரோட்ராஸ்டுக்கு மாறினார். மூளை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றைப் படமெடுக்க அது பயன்பட்டது. சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்தி, சிறுநீரகத்தின் உட்குழியை நிரப்பிப் படமெடுக்கவும் பயன்பட்டது.

முதல் வாதம்: "மெதுவாகத்தானே சிதைகிறது!"

தோரியம் கதிரியக்கம் உடையது என்பது அன்றே தெரிந்த செய்திதான். 1898-இலேயே கெர்ஹார்ட் ஷ்மிட்டும் மேரி கியூரியும் தனித்தனியே அதைக் கண்டறிந்துவிட்டனர். ஆயினும் தோரோட்ராஸ்டை ஆதரித்தவர்கள், அந்தக் கதிரியக்கம் மிகமிகச் சிறியது, பொருட்படுத்த வேண்டியதில்லை என்றனர்.

இந்த வாதத்தின் சாயலை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். "தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். அவ்வளவு மெதுவாகச் சிதையும் பொருளால் எழுபது வயது வாழும் மனிதனுக்கு என்ன ஆகிவிடும்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும். நீங்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு 25 மி.லி. செலுத்தினால் ஏறத்தாழ 5 கிராம் தோரியம் உடலுக்குள் போகிறது என்று கொள்வோம். 232 கிராம் தோரியத்தில் அவகாட்ரோ எண்ணிக்கையிலான அணுக்கள், அதாவது ஆறு என்ற எண்ணை அடுத்து 23 சுழிகள் இட்டால் வரும் அளவு உள்ளன. 5 கிராமில் உள்ளவை 13 என்ற எண்ணை அடுத்து 21 சுழிகள். சிதைவு மாறிலி என்பது 0.693-ஐ அரை ஆயுளால் வகுத்தால் வருவது. அரை ஆயுளை விநாடிகளாக மாற்றி வகுத்து, அணுக்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். விடை விநாடிக்கு ஏறத்தாழ 20,000 சிதைவுகள்!

ஒரு நாளில் 170 கோடிக்கு மேல். இதுவும் தாய் அணுவான தோரியம்-232-க்கு மட்டுமே உரிய கணக்கு. அது சிதைந்து ரேடியம், மற்றொரு வகைத் தோரியம், தோரான் என்னும் வாயு எனப் படிப்படியாக மாறி, கடைசியில் ஈயம்-208 ஆக நிலைபெறுகிறது. இந்த வரிசையில் மொத்தம் ஆறு ஆல்பா சிதைவுகளும் நான்கு பீட்டா சிதைவுகளும் உள்ளன. உடலுக்குள் வழிவழியாகப் பிறக்கும் இந்த அணுக்களும் தம் பங்குக்குக் கதிர் வீசும்.

நீண்ட அரை ஆயுள் என்பதன் பொருள், ஒவ்வோர் அணுவும் சிதைவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்பதே. அணுக்களின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மொத்தச் சிதைவும் பெரிதாகும். அதோடு, அரை ஆயுள் நீண்டது என்றால், காத்திருந்து பயனில்லை என்றும் பொருள். சில நாட்களில் அடங்கிவிடும் கதிரியக்கமாயின் உடல் தப்பிக்கும். இது ஓயாது.

இரண்டாம் வாதம்: "ஆல்பாத் துகளை ஒரு தாளே தடுத்துவிடுமே!"

இது பாடநூலில் உள்ள உண்மை. ஆனால் எந்த இடத்தில் உண்மை என்று கேட்க வேண்டும். ஆல்பாத் துகள் திசுவில் நூறு மைக்ரானுக்கும் குறைவான தொலைவே செல்லும். உடலுக்கு வெளியே அது இருந்தால் தோலின் மேலுள்ள இறந்த அடுக்கே அதை நிறுத்திவிடும். உடலுக்கு உள்ளே இருந்தாலோ, அது தன் ஆற்றல் முழுவதையும் அருகிலுள்ள சில செல்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். வெளியே எது காப்பாக அமைகிறதோ, உள்ளே அதுவே கேடாகிறது.

இந்த வேறுபாட்டை உணர நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கடற்கரையிலும் உள்ள மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளிப் பகுதியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை என்று 2009-இல் வெளியிட்டனர். காலடியில் கிடக்கும் தோரியமும் கல்லீரலில் குடியேறிய தோரியமும் ஒன்றல்ல. கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவதும், அளவு சிறிது என்று கேட்டதும் அமைதியடைவதும் ஒரே வகைப் பிழைகள்தாம். எவ்வளவு, எங்கே, எத்தனை காலம் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு விடை திகைக்க வைப்பது. தோரோட்ராஸ்ட் துகள்களை இரத்தத்தில் உள்ள அன்னியப் பொருள் என்று கருதி, உடலின் துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடும். விழுங்கியதைச் செரிக்க முடியாது; வெளியே தள்ளவும் முடியாது. ஏறத்தாழ 60 விழுக்காடு கல்லீரலிலும், 30 விழுக்காடு மண்ணீரலிலும், எஞ்சியதில் பெரும்பகுதி எலும்பு மச்சையிலும் தங்கிவிடும். உடலிலிருந்து பாதி வெளியேற வேண்டுமானால் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால் ஆற்றலின் ஒரு பகுதி திரளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அவ்வாறு அடங்கியது போகக் கல்லீரலுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 0.25 கிரே, பழைய அலகில் 25 ராட். ஆண்டுதோறும், ஆயுள் முழுவதும்!

மூன்றாம் வாதம்: "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே!"

மூன்றிலும் வலிமையாகத் தோன்றியதும், மூன்றிலும் மோசமானதும் இதுதான். ஊசி போட்ட அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் இல்லை. அடுத்த ஆண்டும் இல்லை. ஆயிரம் நோயாளிகளைப் பார்த்துவிட்டோம், பாதுகாப்பானது என்று எழுதினார்கள். பார்த்த காலம் எவ்வளவு என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. தோரோட்ராஸ்டால் வந்த கல்லீரல் கட்டிகள் பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகே தோன்றின. தென்னங்கன்று நட்ட மறுவாரம் வந்து, காய் இல்லை, ஆகவே இது காய்க்காத மரம் என்று முடிவு கட்டுவது போன்றது இது.

"அன்றைக்கு அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய அறிவைக் கையில் வைத்துக்கொண்டு அன்றையவர்களைக் குறை கூறுவது எளிது, அது நேர்மையாகாது. ஆகவே, அன்று கையில் இருந்த சான்றுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடிகார முகப்புகளில் ரேடியம் வண்ணம் தீட்டிய அமெரிக்கப் பெண்கள், தூரிகை முனையை உதட்டால் கூராக்கியதால் ரேடியத்தை விழுங்கி, தாடை எலும்பு அழிந்து மாண்டது 1920-களிலேயே வெளிவந்துவிட்டது. ரேடியம் கலந்த நீரை மருந்தென்று நம்பிப் பல நூறு புட்டிகள் குடித்த எபன் பயர்ஸ் என்ற செல்வர் 1932-இல் இறந்தார். அதே 1932-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்தாய்வுக் குழு தோரோட்ராஸ்டைப் பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரித்தது. 1930-களின் நடுவில் பிரான்சில் ரூசி, ஓபர்லிங், கெரென் ஆகியோர் எலிகளில் தோரியம் டையாக்சைடு கட்டிகளை உண்டாக்கியதைக் காட்டினர். இவ்வளவுக்குப் பிறகும் அது 1950-கள் வரை புழக்கத்தில் இருந்தது. அறியாமை என்று இதைச் சொல்ல முடியாது. அறிந்ததை எடைபோடத் தவறியது என்றே சொல்ல வேண்டும்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. மூளையில் கட்டி, சில மாதங்களே வாழ்வு என்ற நிலையில் இருந்தவருக்கு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய கேடு பெரிதன்று. படம் தெளிவாக இருப்பதே பெரிது. அன்று மூளைக்கு வேறு நல்ல பொருளும் இல்லை. ஆனால் சிறுநீரகத்தின் கதை வேறு. அங்கே 1929-லிருந்தே தானாக வெளியேறும் அயோடின் சேர்மம் இருந்தது. கல் இருக்கிறதா என்று பார்க்க வந்த இளைஞருக்கு, வாழ்நாள் முழுவதும் வெளியேறாத ஒன்றைச் செலுத்தியதற்கு அந்த நியாயம் பொருந்தாது. "குழியைத்தானே நிரப்புகிறோம், சிறுநீர் கழுவிவிடும்" என்று எண்ணினார்கள். குழாய் வழியே அழுத்தத்துடன் செலுத்தும்போது அது குழியின் சுவரைத் தாண்டித் திசுவுக்குள் கசிந்தது. கசிந்தது அங்கேயே தங்கிற்று. பல்லாண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலும் அந்தப் பழைய நிழல் அப்படியே தெரிந்தது. அவ்வாறு தங்கிய இடங்களில் தழும்புத் திசு வளர்ந்தது. சிலருக்குச் சிறுநீரக உட்குழியில் புற்றும் தோன்றியது. கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் கசிந்தவர்களுக்குக் கெட்டியான நார்த்திசுக் கட்டி வளர்ந்தது. அதற்குத் தோரோட்ராஸ்டோமா என்றே பெயரிட்டனர்.

சான்று எப்போது சான்றாகிறது?

மனிதரில் தோரோட்ராஸ்டைத் தொடர்ந்து வந்த கல்லீரல் இரத்தக் குழாய்ப் புற்று 1947-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் விளக்கமாக வெளிவந்தது. ஆனால் ஒரு நோயாளி சான்றாகிவிடுவாரா? ஊசி போடாதவர்களுக்கும் புற்றுநோய் வருகிறதே! "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று ஒருவர் தட்டிவிடலாம். விஞ்ஞானத்தில் இந்த ஐயம் தவறன்று, தேவையானது.

அந்த ஐயத்தைத் தீர்க்க ஒப்பீடு வேண்டும். ஜெர்மனியில் 1968-இல் தொடங்கிய ஆய்வு, தோரோட்ராஸ்ட் செலுத்தப்பட்ட 2,326 பேரையும், அதே மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று ஆனால் அது செலுத்தப்படாத 1,890 பேரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. முதற் பிரிவில் 400-க்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரல் புற்று. இரண்டாம் பிரிவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே. டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. இரத்தப் புற்றும் மிகுந்திருந்தது.

அப்போதும் ஒரு கேள்வி எஞ்சியது. கெடுத்தது கதிரியக்கமா, அல்லது கரையாத துகள் உறுத்திக்கொண்டே இருந்ததா? இதற்கு விடை காண ஜெர்மானியர் செய்த சோதனை அழகானது. தோரியத்தைப் போலவே கரையாத, ஆனால் கதிரியக்கம் இல்லாத சிர்க்கோனியம் டையாக்சைடால் அதேபோன்ற கூழ்மம் செய்து எலிகளுக்குச் செலுத்தினர். அதில் கதிரியக்கப் பொருளை வேண்டிய அளவு கலந்தும் செலுத்தினர். முதன்மைக் குற்றவாளி கதிர்வீச்சே என்பது தெளிவாயிற்று. வேதியியல், இயற்பியல் காரணங்களைப் பிரித்துக் காணும் இந்த முறையை மாணவர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

இரண்டாவது பாடம்

தோரோட்ராஸ்டோடு இது முடிந்துவிட்டதா? காந்த அதிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., எடுக்கும்போது தரப்படும் கடோலினியம் 1988-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதில் கதிரியக்கம் இல்லை. கடோலினியம் அயனியில் இணைசேராத ஏழு எலக்ட்ரான்கள் உள்ளன. அவை அருகிலுள்ள நீரின் காந்தக் குறிப்பை மாற்றிப் படத்தைத் தெளிவாக்குகின்றன. தனி அயனி நஞ்சு. ஆகவே அதைக் கரிம மூலக்கூறு ஒன்றின் பிடிக்குள் கட்டிச் செலுத்துகிறார்கள். நல்ல சிறுநீரகம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ முப்பது மணிக்கு மேல் ஆகும். அதற்குள் பிடி தளர்ந்து அயனி வெளிப்படலாம்.

1997-இல் அமெரிக்காவில், சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோல் மரப்பட்டைபோல் தடித்து, மூட்டுகள் மடங்காமல் போகும் புதிய நோய் காணப்பட்டது. நார்த்திசு அளவுக்கு மீறி வளர்வதே நோய். 2000-இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது; காரணம் தெரியவில்லை. 2006 ஜனவரியில் ஆஸ்திரிய மருத்துவர் குரோப்னர், கடோலினியம் பெற்ற தம் ஒன்பது நோயாளிகளில் ஐவருக்கு இது வந்ததாக எழுதினார். ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனால் அதே ஆண்டில் டென்மார்க்கில் 13 நோயாளிகள், பதின்மூவரும் ஒரே வகைக் கடோலினியம் மருந்து பெற்றவர்கள் என்று தெரிந்தது. பின்னர் நோயுற்ற தோலிலேயே கடோலினியம் கண்டறியப்பட்டது. 2007-இல் அமெரிக்க அரசு மருந்துப் பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. பிடி தளரக்கூடிய வகைகள் பலவற்றை ஐரோப்பா 2017-இல் நிறுத்தி வைத்தது. புதிய நோயாளிகள் மிக அரிதாயினர்.

இரண்டையும் ஒப்பிடுங்கள். தோரோட்ராஸ்டில் முதல் எச்சரிக்கைக்கும் கைவிடலுக்கும் இடையே இருபது ஆண்டுகள். கடோலினியத்தில் ஐயம் எழுந்ததற்கும் நடவடிக்கைக்கும் இடையே ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு. இரண்டாவது நோய் விரைவில் வெளிப்படுவது என்பதும் இதற்கு ஒரு காரணம். முழுப் பெருமையும் நம் அறிவுக்கே உரியதன்று. ஆயினும் நோயாளிகளைப் பதிவு செய்வதும், ஒரு நாட்டில் கண்டதை மறு நாட்டில் உடனே சரிபார்ப்பதும் இல்லையென்றால் அந்த வேகம் வந்திருக்காது.

இரண்டு கதைகளிலும் பொதுவாக உள்ள குறை ஒன்று உண்டு. "இது என்ன செய்யும்?" என்று கேட்டவர்கள், "இது எப்போது, எந்த வழியாக வெளியே போகும்?" என்று போதிய அளவு கேட்கவில்லை.

ஆகவே வாசகர்களே, ஸ்கேன் என்றதும் அஞ்சி ஓட வேண்டாம். தேவையான படத்தை எடுக்காமல் விடுவதால் வரும் கேடு, பெரும்பாலும் எடுப்பதால் வரும் கேட்டைவிடப் பெரிது. இன்று சி.டி. ஸ்கேனுக்குத் தரப்படும் அயோடினும், எம்.ஆர்.ஐ.-க்குத் தரப்படும் கடோலினியமும் தோரியம் அல்ல. ஆனால் "டை" செலுத்துமுன் இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்துவரச் சொன்னால், வீண் செலவு என்று முணுமுணுக்காதீர்கள். செலுத்துவதை வெளியேற்ற உங்கள் சிறுநீரகத்தால் முடியுமா என்பதைத்தான் அந்தச் சிறு சோதனை சொல்லுகிறது. உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவரோ, நீண்ட நாள் சர்க்கரை நோயாளியோ இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் நீங்களே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். எந்த மருந்து செலுத்தப்பட்டது என்று எழுதி வாங்கி, பழைய படங்களோடு பத்திரமாக வைத்திருங்கள். ஜெர்மானிய ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது, அன்றைய மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளில் அவர்கள் பெயரும் செலுத்திய மருந்தும் எழுதப்பட்டிருந்ததால்தான்.